கந்தளாய் டயர் கடையில் மூன்று மணித்தியாலம்

ஆசிரியருக்கு,

மின்சாரக் கார்களுக்கு ஊருக்கு ஊர் வேகச் சார்ஜர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் திருகோணமலையில் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடும் எனக்கு வேறொன்று சொல்லத் தோன்றுகிறது.

அண்மையில் தம்புள்ளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் ஒன்பதுதான் மிச்சம் இருக்கிற கார் என்னுடையது; முழுதாக ஏற்றினாலும் புதிய கார் அளவுக்கு ஓடாது. முக்கால்வாசி சார்ஜுடன் வெளிக்கிட்டால், வழியில் ஓரிடத்தில் ஏற்றாமல் வீடு சேர முடியாது. போனில் வரைபடம் காட்டிய இடத்துக்குப் போனேன். மெஷின் நின்றது, திரை இருண்டு கிடந்தது. "அது கனநாளா வேலை செய்யிறதில்லை" என்றார் காவலாளி. வரைபடத்தில் மட்டும் அது இன்னும் பச்சையாகவே இருக்கிறது!

ஹபரணையைத் தாண்டினால் காடு. பொழுது சாயும் நேரம் யானை வரும் வீதியில் காரை ஓரங்கட்டவும் பயம். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வியர்த்தபடியே ஓட்டினேன். கந்தளாய்க்குள் நுழையும்போது திரையில் ஆமைப் படம் வந்துவிட்டது. லீஃப் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆமையைத் தெரியும். சார்ஜ் முடியப்போகிறது, இனி ஊர்ந்துதான் போவேன் என்று கார் சொல்லும் பாஷை அது.

கைகொடுத்தது ஒரு டயர் கடை. காற்றடிக்கும் மெஷினுக்குப் போட்டிருந்த 15 அம்பியர் பிளக்கில் காரோடு வந்த வயரைச் சொருகினேன். மூன்று மணித்தியாலத்தில் சுமார் 8 அலகு மின்சாரம் ஏறியது. வீட்டுக்கு 40 கிலோமீற்றர். அதற்கு அது போதும். எவ்வளவு காசு என்று கேட்டால் கடைக்காரத் தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு அனுமானத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றுதான் யோசித்தேன். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்குக் கொழும்பிலிருந்து வருபவர் எப்படியும் இரவு தங்குகிறார். கார் எட்டு மணித்தியாலம் சும்மா நிற்கிறது. 3 கிலோவாற்றில் ஏற்றினாலே அதற்குள் 24 அலகு ஏறிவிடும். அதற்கு வேகச் சார்ஜர் எதற்கு? தரிப்பிடச் சுவரில் தனி வயர் இழுத்த ஒரு 15 அம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், ஒரு ட்ரிப் சுவிட்ச், பக்கத்தில் சின்ன மீற்றர். அலகுக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டிவிட்டால் பேரம் பேசவும் தேவையில்லை. அறை ஜன்னலால் நீட்டு வயர் இழுத்து ஏற்றுவது மட்டும் வேண்டாம். அந்த வயர் சூடாகி உருகியதை நானே கண்டிருக்கிறேன்.

வேகச் சார்ஜரில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் லீஃபுக்குச் சாடெமோ என்ற வகைச் சார்ஜர் தலை வேண்டும், இப்போது வரும் புதிய கார்கள் பலவற்றுக்கு சீசீஎஸ்2 என்ற வேறு வகை. ஒன்றின் தலை மற்றதில் நுழையாது. சுவர் பிளக்கில் இந்தச் சண்டையே இல்லை, அவரவர் வயரை அவரவர் கொண்டுவருவார்.

வேகச் சார்ஜர் வைப்பதானால் நகரத்துக்குள் அல்ல, கந்தளாயில் வையுங்கள். வைத்தது பழுதானால் வரைபடத்திலும் பழுது என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
லீஃப் கார்க்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.