பூச்சிக்குப் பெயர் வைக்க இத்தனை வருடமா என்று கேட்ட கட்டுரை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகச் சந்தா கட்டித் தங்கள் இதழை வாசித்து வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கண்டறியப்படும் புதிய சுவர்க்கோழி இனங்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். கடைசிப் பத்தியை வாசித்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு பூச்சியைப் பிடித்துப் பெயர் வைக்க இத்தனை வருடமா? சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1994 ஜூலையில் எங்கள் பேராசிரியரும் நானும், காணிக்காரர் என்ற மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரும் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கம் தங்கியிருந்தோம். சாரல் விடவே இல்லை. கால் நிறைய அட்டை. புகையிலைத் தூளைத் துணியில் முடிந்து, நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டுதான் ராத்திரி நடப்போம். நூறு பூச்சிகள் ஒரே நேரத்தில் கத்தும் அந்தக் காட்டில், பெரியவர் திடீரென்று நின்று "இது வேற சத்தம் சார்" என்றார். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான், மெலிதாக, விட்டு விட்டு ஒரு சத்தம் தனியாகக் கேட்டது. கிட்டே போனால் நின்றுவிடும். "லைட்ட அணைப்பா, அவனே பாடட்டும்" என்பார் பேராசிரியர். இருட்டில் கால் மணி நேரம் அசையாமல் நிற்போம். மறுபடி கத்தும்போது இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து சத்தம் வரும் திசையைக் குறித்து, அவை சேரும் இடத்தில் விளக்கை அடிப்போம். அந்த ஒன்றைப் பிடிக்க எங்களுக்கு ஆறு ராத்திரி ஆனது. விரல் நகம் அளவு, பழுப்பு நிறம், உடம்பைப் போல் மூன்று பங்கு நீள மீசை. ஃபிலிம் டப்பாவில் போட்டோம். பிடிக்கும் முன்பே பிளாஸ்டிக் உறை போட்ட டேப் ரிக்கார்டரில் அதன் சத்தம் பதிவாகியிருந்தது. பக்கத்திலேயே வெப்பமானியைப் பிடித்து 19 டிகிரி என்று எழுதிக்கொண்டேன். குளிரில் சுவர்க்கோழி மெதுவாகக் கத்தும், சூட்டில் வேகமாகக் கத்தும். வெப்பநிலை எழுதாத பதிவை இன்னொரு பதிவோடு ஒப்பிட முடியாது.

கட்டுரையாளர் "பிடித்து" என்று ஒரே சொல்லில் முடித்த வேலை இவ்வளவு. "பெயர் வைக்க" என்பது இதற்குப் பிறகுதான் வருகிறது.

சுவர்க்கோழியில் ஆண்தான் கத்தும். வாயால் இல்லை, முன் இறக்கைகளை உரசி. ஓர் இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பு அரம் மாதிரி பல் பல்லாக இருக்கும். மற்ற இறக்கையின் ஓரம் அதில் தேய்கிறது. அந்தப் பற்கள் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். எண்ணியவன் நான். ஒருமுறை எண்ணினால் போதாது, மூன்று முறை எண்ணி மூன்றும் ஒத்துவர வேண்டும் என்பார் பேராசிரியர். பிறகு ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, காரத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, கிளிசரின் விட்ட குட்டிக் குப்பியில் போட்டு, அதே பூச்சி குத்திய ஊசியில் கீழே மாட்ட வேண்டும். ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல பெரும்பாலும் அதுதான் சாட்சி.

இவ்வளவு பார்த்தும் உடம்பு ஏமாற்றிவிடும். கர்நாடகத்தில் மெக்கோபோடா என்ற இலைவெட்டுக்கிளிகளை ஆராய்ந்தவர்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாத பூச்சிகள் ஐந்து விதமாகப் பாடுவதை 2006-இல் எழுதினார்கள். ஒரு பாட்டுக்கு ஹெலிகாப்டர் என்றும் ஒன்றுக்கு ரயில் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஊசியில் குத்தி வரிசையாக வைத்தால் எல்லாம் ஒன்று. காட்டில் காதைக் கொடுத்தால் வேறு வேறு. இவை ஓர் இனமா, பலவா? ஒரு வாரத்தில் முடிவு சொல்லக் கட்டுரையாளரால் முடியுமா?

புதிது என்று சொல்வதற்கு முன் பழையது எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். 1758-இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர்களிலிருந்து கணக்கு ஆரம்பம். நம் பக்கத்துச் சுவர்க்கோழிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் லூசியன் ஷோபார் என்ற பிரெஞ்சுக்காரர். இந்தியச் சுவர்க்கோழிகளைப் பற்றிய அவருடைய தொகுதி 1969-இல் வந்தது. அவர் பார்த்த மூல மாதிரிகளில் பல பாரிசிலும் லண்டனிலும் இருக்கின்றன. எங்கள் பேராசிரியர் அங்கே கடிதம் எழுதினார், பதிலுக்குக் காத்திருந்தார், படம் கேட்டு மறுபடி எழுதினார். போய்ப் பார்த்துவர விமானச் சீட்டுக்குப் பணம் கேட்டு மூன்று விண்ணப்பம் போட்டார். மூன்றும் திரும்பி வந்தன. அந்த விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

குதிரைமுகக் காட்டின் பெயரைத் தாங்கி 2019-இல் வெளியான இண்டிகிரில்லஸ் குத்ரெமு என்ற சுவர்க்கோழியைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள். இனம் மட்டுமில்லை, அதற்காக, நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பேரினத்தையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. அதன் சொந்தக்காரப் பூச்சிகள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கன்னட தேசத்து மலைப் பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் பங்காளி என்றால் எத்தனை கோடி வருடக் கதை அது! அதைச் சொல்லாமல் சம்பளத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெயர் வெளியான பிறகும் ஒரு பூச்சியை ஊசியோடு நூறு வருடம் காப்பாற்ற வேண்டும். ஹோலோடைப் என்கிற அந்த ஒற்றை மாதிரிதான் பெயரைத் தாங்குவது. அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று எழுதாவிட்டால் இன்றைய விதிப்படி பெயரே செல்லாது. நம் நாட்டில் 2002-ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டமும் புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. எங்கள் கல்லூரிக்கு அதெல்லாம் தெரியாது. பேராசிரியர் 2003-இல் ஓய்வு பெற்றார். இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகு பூச்சிப் பெட்டிகளுக்கு அந்துருண்டை வாங்கக்கூடக் காசு ஒதுக்கவில்லை. 2007-இல் ஆய்வுக் குழு வருகிறது என்று துறைக்கு வெள்ளையடித்தார்கள். நான் மகள் கல்யாணத்துக்கு லீவில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அலமாரி காலி. நாற்பத்தெட்டுப் பெட்டிகளையும் குப்பை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். "எறும்பு அரிச்ச பூச்சிதானே அண்ணே" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வராந்தா மூலையில் கிளிசரின் குப்பி ஒன்று உருண்டு கிடந்தது. இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. "ஆண், காக்காச்சி, 14.7.1994, இரவு 9.40" என்று என் கையெழுத்தில் சீட்டு. பூச்சி இல்லை. ஒலிநாடாவில் பூஞ்சை ஏறிவிட்டது. இந்தக் குப்பியை மட்டும் வைத்து யாரும் எதற்கும் பெயர் வைக்க முடியாது. அது புதிய இனம்தானா என்பதும் இனித் தெரியப்போவதில்லை. 1994-இலிருந்து 2007 வரை பதின்மூன்று வருடம் என்ன ஆனது என்று கேட்டால், இதுதான் ஆனது.

அந்தக் காணிக்காரப் பெரியவரையும் நினைத்துக்கொள்கிறேன். அவர் காது இல்லாவிட்டால் ஆறு ராத்திரி இல்லை, அறுபது ராத்திரி ஆனாலும் நாங்கள் வெறும் கையோடு திரும்பியிருப்போம். இந்த மாதிரிச் செய்திகளில் அவரைப் போன்றவர்களின் பெயர் வருவதே இல்லை. "உள்ளூர் மக்கள் உதவியுடன்" என்று போட்டுவிடுகிறீர்கள். தங்கள் கட்டுரையில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு போட்டிருக்கும் படம் சுவர்க்கோழியே இல்லை. மரப்பட்டையில் உட்கார்ந்து, கண்ணாடி இறக்கையைக் கூரை மாதிரி மடித்திருப்பது சிக்காடா. இரண்டையும் நம் ஜனங்கள் சில்வண்டு என்பதால் வந்த குழப்பம் என்று புரிகிறது. சங்கப் பாட்டில், பாலை வழியில், ஓமை மரத்தில் ஒடுங்கிக் கத்தும் சிள்வீடும் சிக்காடாவாகத்தான் இருக்க வேண்டும். அது மரச்சாறு குடிப்பது, வயிற்றுப் பக்கத்துச் சவ்வை அதிரவைத்துக் கத்துவது, மூட்டைப்பூச்சி வகையறா. சுவர்க்கோழி வெட்டுக்கிளிக்குச் சொந்தம். அதற்குக் காது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே இருக்கிறது. போதாக்குறைக்கு, சுவர்க்கோழிக்கு ஆங்கிலத்தில் கிரிக்கெட் என்று பெயர் என்பதால், தலைப்பில் மட்டையும் பந்தும் வேறு வரைந்திருந்தார்கள். முன்பு ஒருமுறை அட்லஸ் அந்துப்பூச்சியின் படத்தைப் போட்டு உலகின் பெரிய வண்ணத்துப்பூச்சி என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். அது பிரசுரமாகவில்லை. பதிலும் இல்லை.

பூச்சி என்றால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒரு அமைச்சரின் படத்துக்குப் பதிலாக வேறொருவர் படம் வந்திருந்தால் மறுநாளே வருத்தம் தெரிவித்திருப்பீர்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், சென்ற இதழில் வந்த படம் சிக்காடா, சுவர்க்கோழி இல்லை என்று இரண்டு வரி போட்டால் போதும். சரியான படம் வேண்டுமென்றால், போன மழையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் பேரன் செல்போனில் எடுத்த சுவர்க்கோழிப் படம் ஒன்று தெளிவாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அது சாதாரண வீட்டுச் சுவர்க்கோழிதான். இறக்கையில் அந்த நரம்பு நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
அம்பாசமுத்திரம்