"ஈசாக்குக்கிட்ட யாரும் கேட்டாங்களா டீச்சர்?"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் ஆன்மிகப் பக்கத்தில், கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் புறப்பட்ட பைபிள் கதையை எழுதி, எதிர்க்கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய இதைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்கு இல்லை என்று முடித்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் சண்டே ஸ்கூலில் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். அது அவ்வளவு லேசான பாடம் இல்லை.

நானும் அப்படித்தான் நடத்தினேன். ஃபிளானல் துணி போர்த்திய போர்டில் மலை, விறகு, கத்தி என்று படங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, கடைசியில் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான, புதரில் கொம்பு மாட்டிய கடாவை ஒட்டுவேன். பிள்ளைகள் கைதட்டும். ஒரு வருஷம் ஏழு வயதுப் பையன் ஒருவன் தட்டவில்லை. "ஈசாக்குக்கிட்ட யாரும் கேட்டாங்களா டீச்சர்?" என்றான். அந்த வாரம்தான் பக்கத்துத் தெரு சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கிடா வெட்டியதைப் பார்த்திருந்தான். "ஆண்டவர் காரியத்துல எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது, உக்காரு" என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், அந்த வேதத்திலேயே கேள்வி கேட்டவர்தான் ஆபிரகாம். இந்தக் கதை வருவது ஆதியாகமம் 22-ல். அதற்கு நாலு அதிகாரம் முன்னால், 18-ல், சோதோம் ஊரின் பாவம் பெரிது, போய்ப் பார்க்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும், அந்த ஊரை அழித்துவிடுவாரோ என்று, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று நேராகவே கேட்கிறார். 50 நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து 45, 40, 30, 20 என்று இறக்கி 10-ல் வந்து நிற்கிறார். கத்தரிக்காய்க்கு இப்படிப் பேரம் பேசினால் நம் டவுன் மார்க்கெட்டில் துரத்தி விடுவார்கள். கடவுள் ஒவ்வொரு தடவையும் சரி என்கிறார். அந்த ஊருக்காக அவ்வளவு வாதாடினவர், சொந்த மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை விசுவாசம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

22-ஆம் அதிகாரத்தை முடிவு வரை வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வந்தார் என்றிருக்கிறது. ஈசாக்கு கூட வந்ததாக எழுதவில்லை. அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே ஈசாக்கின் அம்மா சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள். அப்புறம் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதாக ஒரு வசனம்கூட இல்லை. அதே வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளைத் தீயில் எரித்தவர்களைப் பற்றி, அதை நான் கட்டளையிடவில்லை, என் மனதில் தோன்றவும் இல்லை என்று கர்த்தரே சொல்கிறார்.

என்னோடு வேலை பார்த்த மேலப்பாளையம் டீச்சர் ஒருத்தர் ஒரு பக்ரீத் சமயத்தில் சொன்னார்: குர்ஆனில் இப்ராஹீம் நபி தன் கனவை மகனிடம் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாராம். எனக்கு உடனே அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்போது அவன் வளர்ந்து வெளியூர் போய்விட்டான்.

கட்டுரை எழுதியவருக்கும், இப்போது வகுப்பு எடுக்கும் டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 22-ஐ நடத்துவதற்கு முந்தின ஞாயிறு 18-ஐ நடத்திவிடுங்கள். எங்கள் ஃபிளானல் செட்டில் சோதோம் எரிகிற படம் இருந்தது. ஆபிரகாம் கேள்வி கேட்கிற படம் இல்லை. அதை நீங்களே வரைந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.