செவிலியர் படிப்பில் சேர்ந்த மகளுக்காக

அன்புள்ள கோமதி,

உன் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஆனால், ‘மருந்துக்கடைக்காரி மகள் டாக்டராகக் கூடாதா?’ என்று உறவினர்கள் கேட்டதை நீ வருத்தத்தோடு எழுதியிருந்தாய். அதைப் பற்றி மட்டும்தான் இன்று எழுதப்போகிறேன்.

இங்கே அமெரிக்காவில் கேலப் என்ற நிறுவனம் 1976 முதல் ஒரு கேள்வியைக் கேட்டுவருகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் ஒவ்வொரு தொழிலின் பெயரையும் சொல்லி, அத்தொழில் செய்வோரின் நேர்மையும் அறவுணர்வும் எந்த அளவில் இருக்கின்றன என்று விசாரிப்பார்கள். மிக உயர்வு, உயர்வு என்று சொன்னவர்களைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1990-களில் பெரும்பாலும் முதலிடம் பெற்றது நம் மருந்தாளுநர் தொழில்தான். 1999-இல் செவிலியரையும் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று முதலிடத்துக்கு வந்தவர்கள் அதன்பின் ஓர் ஆண்டுதான் இறங்கினார்கள். அது 2001, இரட்டைக் கோபுரங்கள் இடிந்த ஆண்டு. அப்போது முதலிடம் தீயணைப்பு வீரர்களுக்குப் போனது. அதை யார் குறைசொல்ல முடியும்?

2024 கணக்கில் செவிலியருக்கு 76 விழுக்காடு, மருத்துவருக்கு 53. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 8தான். உறவினர்களிடம் இதைத் தாராளமாகச் சொல்.

இந்த எண்கள் மக்களின் மனப்பதிவைத்தான் காட்டுகின்றன, ஒரு தொழிலில் உள்ளவர்களின் உண்மையான நேர்மையை அளந்துவிடவில்லை என்பதை அறிவேன். ஆனாலும் அந்த மனப்பதிவு காரணமின்றி உண்டாவதில்லை. மதகுருமாரைப் பார். 1985-இல் 67 விழுக்காட்டினர் அவர்களை உயர்வாக மதித்தார்கள். 2024-இல் அது 30. 2002-இன் தொடக்கத்தில் பாஸ்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் வெளிவந்தபோது, ஒரே ஆண்டில் அந்த மதிப்பு 64-இலிருந்து 52-க்கு விழுந்தது. தவறு செய்த பாதிரியார்களைவிட, அவர்களை ஊர் ஊராக மாற்றி அனுப்பி மறைத்த மேலிடத்தின் மீதுதான் மக்களுக்கு ஆறாத கோபம் என்பது என் எண்ணம்.

நம் தொழிலும் 2020-இல் 71 விழுக்காட்டில் இருந்தது, நான்கே ஆண்டுகளில் 57-க்கு இறங்கிவிட்டது. எனக்கு அது வியப்பளிக்கவில்லை, வலித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைப் புதிதாக எழுதி வாங்கிவந்த ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, கீரையை எவ்வளவு சாப்பிடலாம், எந்த வலிமாத்திரையைத் தொடவே கூடாது என்று பத்து நிமிடம் விளக்குவேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளிலோ, ஒரு சீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்க, தொலைபேசி ஒருபுறமும், காரில் இருந்தபடியே மருந்து வாங்க நிற்போரின் வரிசை மறுபுறமும் அழைக்க, வந்தவரின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினேன். நிர்வாகத்திடம் இருமுறை எழுதிக் கொடுத்தும் பலனில்லை. யாரையும் நான் ஏமாற்றவில்லை. ஆனாலும் என்னை நம்புவதற்கு அவர்களுக்கு நான் ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை.

செவிலியரை மக்கள் நம்புவதற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது என்று நினைக்கிறேன். நோயாளியிடம் விற்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வலியில் கூப்பிட்டால் வருபவர்களும் அவர்களே. ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் 89 வரை ஏறிய அவர்களுடைய மதிப்பும் இப்போது இறங்கிவருவது எனக்குக் கவலையளிக்கிறது. ஆள் போதாமல் ஒருவரே பலரைப் பார்க்கும் வார்டில், அவர்களுக்கும் முகம் பார்க்க நேரமிருக்காதே.

ஆகவே உன் மகளிடம் ஒன்று கேட்டுச் சொல். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும், ஓர் இரவுப் பணியில் எத்தனை நோயாளிகளைத் தன் பொறுப்பில் விடுகிறார்கள் என்பதை எனக்கு எழுதட்டும். அவள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அன்புடன்,
சாரதா