வாசலுக்கு மேலே உழவர்கள்

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் மனசு ஆறியது. நான் இன்னும் மும்பை மாதுங்காவில் மகள் வீட்டில்தான். பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயிலேறி ஊர் சுற்றுகிறேன்.

போன வாரம் பழம் வாங்க கிராஃபோர்டு மார்க்கெட் போனேன். 1869-ல், வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டி முடித்தது. வாசல் வளைவுகளுக்கு மேலே புடைப்புச் சிற்பங்கள்; லாக்வுட் கிப்ளிங் வடிவமைத்தவை. அவர் இங்கே ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியர், எழுத்தாளர் ருட்யார்டின் அப்பா. காலையில் பார்த்தபோது வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் திரும்பி வந்தேன். வெயில் சாய்வாக விழுந்ததும் கோதுமை வயலும் அதில் உழவர்களும் எழுந்து நின்றார்கள். நிழல் விழுந்தால்தானே புடைப்புச் சிற்பத்துக்கு உயிர்!

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயலில் கடன் இல்லை, வரி இல்லை. சிற்பம் வந்து ஆறே வருஷத்தில், 1875-ல், புனே, அகமத்நகர் பக்கத்து விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடு புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அந்த உழவர்களின் துயரத்தை எழுதியவர் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிபா புலே. இன்று மார்க்கெட்டுக்கு அவர் பெயர்தான். மேலே நிறைந்த வயல், பலகையில் புலே. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கீழே ஒருவர் தலையில் கூடையோடு நின்றார். அவர் மேலே பார்க்கவில்லை.

அப்புறம் கோட்டைப் பகுதியில் நியூ இந்தியா அஷூரன்ஸ் கட்டடம், 1936. சிற்பி என்.ஜி. பன்சாரே. அங்கேயும் உழவர், குயவர், நூல் நூற்கும் பெண். ஆனால் ஆளுயரத்தை மீறி, நிமிர்ந்து நிற்கிறார்கள். டோராப்ஜி டாடா 1919-ல் தொடங்கிய இந்தியக் கம்பெனி அது. ராட்டை அரசியலாகிவிட்ட காலத்தில் நூற்கும் பெண்ணைச் சுவரில் நிறுத்தியது சும்மா அலங்காரத்துக்காக என்று நான் நம்பவில்லை. அதே உழைப்பாளிதான், செதுக்கச் சொன்னவர் மாறியதும் நிற்கும் விதமே மாறிவிட்டது.

கண்ணுக்கு மருந்து விடுவது முடிந்ததும் கிளம்பி வா. நாலு மணிக்கு மேல் மார்க்கெட் வாசலில் நிற்போம். நான் கவனிக்காமல் விட்டதை நீ பார்த்துவிடுவாய்.

அன்புடன்,
ராமநாதன்