டிங்கோவுக்குச் சோறு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் ஆஸ்திரேலியாவின் கர்ரி தீவைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். (ஃபிரேசர் தீவு என்றே நாம் சொல்லிப் பழகிய இத்தீவுக்கு, புட்சுல்லா பழங்குடியினர் வழங்கும் பெயரே 2023-இல் முறைப்படி மீண்டும் சூட்டப்பட்டது.) மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைப்பது, இன்ஸ்கிப் முனையில் வண்டியைப் படகில் ஏற்றுவது, ஓதம் உச்சத்தில் இருக்கும் வேளைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் வண்டி ஓட்டாதிருப்பது ஆகியவற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் மீன் கிடைத்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியோ, அங்கே திரியும் டிங்கோ என்னும் காட்டு நாய்களைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இரண்டு குடும்பங்களாக ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் அங்கே சென்று, கரைதட்டிக் கிடக்கும் மஹெனோ கப்பலின் துருப்பிடித்த கூட்டைத் தாண்டி, மணல்மேட்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டோம். மாலையில் கிடைத்த நான்கு டெய்லர் மீன்களை ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து அறுத்து, தலையையும் குடலையும் நண்டு தின்னட்டும் என்று அலையோரம் எறிந்துவிட்டேன். இரவு, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், சற்றுத் தள்ளி நின்ற வெண்கால் நாயொன்றின் ஒட்டிய வயிற்றைப் பார்த்து, மிஞ்சிய மீன்குழம்புச் சோற்றை ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தார். வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி சோறிடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம்; அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டிங்கோ இயல்பிலேயே மெலிந்த உடல்வாகுடையது என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

மறுநாள் விடியுமுன் இரண்டு டிங்கோக்கள் வந்து, பூட்டாத ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, ஐந்து வயது மகனுக்கு நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு, நாங்கள் கத்தியும் நகர மறுத்தன. ஒன்றின் காதில் அடையாளப் பட்டை இருந்தது.

மனிதரிடம் ஒருமுறை தின்னக் கண்ட டிங்கோ, பிறகு அச்சம் விட்டு, கேட்டு வாங்கவும் கடித்துப் பறிக்கவும் துணிகிறது. அப்படி மாறியதை இறுதியில் பூங்கா அதிகாரிகள் கொல்ல நேர்கிறது. 2001-இல் இதே தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோக்களால் கொல்லப்பட்டபின், பல டிங்கோக்களின் உயிரும் போயிற்று. எங்களிடம் வந்த அந்தப் பட்டை போட்ட விலங்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, மீன் கழிவை அலை ஏறும் எல்லைக்குச் சற்றுக் கீழே அரை மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும், உணவை வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும், கூடாரத்தில் வைக்கக் கூடாது, குழந்தைகளோடு செல்வோர் டுண்டுபாரா போன்ற வேலியிட்ட முகாம்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பனவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிங்கோவுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம் என்பதையும், ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை தீவின் இந்தியன் ஹெட் முனைக்கும் வாடி முனைக்கும் இடையே தூண்டில் போடத் தடை உண்டு என்பதையும் செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு முன்பாகவே வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பிரிஸ்பேன்.