கும்பிட்ட கை கூரையும் ஏற்காட்டு வேனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகன் ஜப்பானில், நாகோயாவில் வேலை பார்க்கிறான். போன அக்டோபரில் போனபோது என்னையும் வீட்டுக்காரம்மாவையும் வழிகாட்டியோடு போகிற ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டான். தகயாமாவில் பழைய மரவீட்டுத் தெரு. சீக்கிரமே பார்த்து முடித்தோம். அப்புறம் ஷிரகவாகோ. 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மலைக்கிராமம். பனி வழுக்கி விழவென்று செங்குத்தாக இறங்கும் புல் கூரைகள். அந்தக் கூரைப் பாணியின் பெயருக்கே கும்பிட்ட கை என்றுதான் அர்த்தமாம். ஆணி இல்லை, எல்லாம் கயிற்றுக் கட்டு. மேல்தளத்தில் அந்தக் காலத்தில் பட்டுப்புழு வளர்த்திருக்கிறார்கள். நடுவீட்டு அடுப்பின் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறதாம். அந்தப் புகை வாசனை இவள் சேலையில் ராத்திரிவரை இருந்தது. நானோ, பழைய தபால்காரன், வாசல் தபால் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னமும் ஆள் குடியிருக்கிற ஊர் அது!

நம் ஏற்காட்டில்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், அவ்வளவுதான், வேன் திரும்பிவிடுகிறது. சேர்வராயன் மலைக் கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டியாக வைத்து, காபித் தோட்டத்தில் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுவதைக் காட்டி, அவர்கள் வீட்டிலேயே சாப்பாடும் போட்டால் என்ன? சுற்றுலாத் துறை வாரம் ஒரு பஸ்ஸாவது விட்டுப் பார்க்கட்டும். முதல் டிக்கெட் எனக்கு.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.