கீழ் வீட்டு அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பையன் வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்றாவது இரவு. பக்கத்து அறையில் தூங்குகிறான். அரை மணிக்கு ஒரு தடவை போய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். இந்தப் பழக்கம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் கழிந்த அந்தப் பதினொரு நாட்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் அந்த வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் நிறைய. ஆனாலும் மனசு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் நிற்கிறது. கீழ் வீட்டு அம்மாவின் ஃப்ரிட்ஜ் முன்னால். அதனால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஒன்பதாவது நாள் சின்னவளின் ஆறாவது பிறந்தநாள். பிள்ளைகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர்கள் கேட்கிற உருவத்தில் நானே கேக் செய்வது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறேன்: ரயில் வண்டி, கம்பளிப்பூச்சி, பொரிவண்டு, எண் எட்டு. இந்த வருஷம் அவள் கேட்டது ஆக்டோபஸ். வெளியே எட்டுக் கை இருந்தால் போதாதாம், உள்ளே மூன்று இதயமும் இருக்க வேண்டுமாம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன்தான். இரண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று மிச்ச உடம்புக்கு. கேக்கை வெட்டினால் மூன்றும் தெரிய வேண்டும் என்று அவன் ஒரு தாளில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, என்னிடம் கொடுத்திருந்தான். அவன் மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது.

அந்த ஞாயிறே நான் ஸ்பாஞ்சுகளைச் சுட்டு வைத்திருந்தேன். ஆறு அங்குல வட்டத்தில் மூன்று அடுக்கு. தலைக்கு, அடி உருண்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் சுட்ட அரைக்கோளம் ஒன்று. இதயங்களுக்குத் தனியாக ஒரு சிவப்பு ஸ்பாஞ்ச். அதில் ஜெல் கலரைத் தாராளமாகவே சேர்க்க வேண்டும். கொஞ்சமாகப் போட்டால் ஓவன் சூட்டில் பழுப்பேறி, வெட்டும்போது செங்கல் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். பிறகு வாழ்க்கை திசை மாறிவிட்டது. ஃப்ரீசரில் கேக் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

நான்காம் நாள் மாலை துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது சின்னவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு கேக் வேணாம்மா. அண்ணா வந்தப்புறம் பாத்துக்கலாம்." ஆறு வயது நிரம்பாத பிள்ளை. அழுதுகொண்டு கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? வீட்டில் ஒரு பிள்ளை படுத்துவிட்டால் இன்னொரு பிள்ளை தன்னை எவ்வளவு சின்னதாகச் சுருக்கிக்கொள்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தள்ளிப்போடலாம் என்று எல்லோரும் சொன்னீர்கள், நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் முடியவில்லை.

எட்டாம் நாள் இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தேன். அவர் பையனோடு இருந்தார். காலை ஆறு மணிக்கு நான் போய் அவரை மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சுகள் பாதி உறைந்த நிலையில் இருக்கும்போதே வெட்டினேன். அப்போதுதான் உதிராது, ஓரம் கத்தி போன வழியிலேயே நிற்கும். ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் மூன்று அங்குலத்துக்கு இதய வடிவில் துளை போட்டு, அதே அச்சில் வெட்டிய சிவப்புத் துண்டை அதற்குள் பொருத்தினேன். அரைக் கிலோ வெண்ணெய், ஒரு கிலோ ஐசிங் சர்க்கரை, பீட்டர் மெஷினில் அடித்தேன். மணி பத்தேகால் இருக்கும்.

அந்தப் பீட்டர் சத்தத்துக்கு ஒரு முன்கதை உண்டு. போன வருஷம் பொரிவண்டு கேக் செய்த இரவு, பதினொரு மணிக்குக் கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்து கதவைத் தட்டி, "இந்த நேரத்துல இவ்வளவு சத்தம் வேணுமாம்மா?" என்று கேட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நெருக்கம் ஏதும் இல்லாத ஒருவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பொரிவண்டின் சிவப்பு ஏன் கறுப்புப் புள்ளிகளோடு கலந்து ஒழுகியது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேக் மேல் போர்த்துகிற ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரைதான், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து மூடினால் வெளிக்காற்று உள்ளே போய், குளிர்ந்த கேக் மேல் பனித்துளி மாதிரி உட்காரும். நிறம் கரைந்து ஓடும். இரண்டு நிமிஷப் பேச்சு. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு படிக்கட்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

சரி, எட்டாம் நாள் இரவுக்கு வருகிறேன். அடுக்குகளை ஏற்றி, மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் இறுகவிட்டு, மேலே ஊதா ஃபாண்டன்டைப் போர்த்தி முடித்தபோது பன்னிரண்டரை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரு விரல் வைக்க இடமில்லை. நீங்கள் எல்லோரும் எட்டு நாளாகச் சமைத்து அனுப்பிய பாத்திரங்கள், தட்டுக்குத் தட்டு, மூடிக்கு மேல் மூடியாக. பசியோடு வந்த ஒவ்வொரு இரவும் எங்களை நிமிர்த்தி வைத்த சாப்பாடு அது. எடுத்து வெளியே வைத்தால் காலைக்குள் கெட்டுப்போகும். எடுத்து எங்கே வைப்பது? அப்படியே இடம் பண்ணினாலும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் என்ன வாசனை இருக்கிறதோ அதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

வெளியிலும் வைக்க முடியாது. அன்று அப்படியொரு புழுக்கம். வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே தளர்ந்துவிடும். உயரமான கேக்குக்கு வழக்கமாக நடுவில் ஒரு குச்சி இறக்கி அடுக்குகளை நிறுத்துவேன். இதில் நடுவில் இதயம் இருக்கிறது. அதைச் சுற்றி மிச்சம் ஒன்றரை அங்குலம்தான், அங்கே குச்சி இறக்கினால் ஸ்பாஞ்ச் பிளந்துவிடும். அந்தக் கேக்கைப் பிடித்து வைத்திருந்தது குளிர்ச்சி ஒன்றுதான். தலை ஏற்கெனவே லேசாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு நாளாக மருத்துவமனையில் வராத அழுகை அங்கே வந்தது.

அப்போது கதவு தட்டுகிற சத்தம்.

பீட்டருக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டு திறந்தேன். அம்மா நின்றிருந்தார்கள். கை ஈரமாக இருந்தது.

"மெஷின் சத்தம் கேட்டுச்சு. பாப்பாவுக்குச் செய்றீங்கன்னு புரிஞ்சுது. வாரம் முழுக்க ஆளுங்க பாத்திரம் பாத்திரமா மாடிக்குக் கொண்டுபோறதப் பாத்துட்டுத்தான் இருந்தேன், உங்க ஃப்ரிட்ஜுல எங்க இடம் இருக்கப் போகுது? எங்களோடத காலி பண்ணிட்டேன். எடுத்துட்டு வாங்க."

அம்மா, இதை உங்கள் மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நம்பி இனி உங்களிடமே பேசுகிறேன்.

ஒரு தட்டில் இடம் பண்ணியிருப்பீர்கள் என்றுதான் நினைத்து வந்தேன். நீங்கள் முழு ஃப்ரிட்ஜையும் காலி செய்திருந்தீர்கள். வெங்காயம், பூண்டு, மீன் எதுவும் இல்லை. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உள்ளே துடைத்திருந்தீர்கள், ஒரு வாசனை இல்லை. உயரம் போதாதோ என்று நடுத்தட்டுக் கண்ணாடியையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தீர்கள். பாலைக் காய்ச்சி மேடைமேல் வைத்திருந்தீர்கள். ஐயாவின் இன்சுலின் எதிர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தது. இனிப்பு தொடவே கூடாத மனிதர், ஒரு குழந்தையின் கேக்குக்காக மறுநாள் ஊசி நேரத்துக்கு எதிர் வீட்டுக்கு நடந்துபோய் வந்தார். அதை அவர் என்னிடம் சொல்லக்கூட இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள்தான் பிறகு சொன்னார்கள்.

பெட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடியதும் அதன்மேல் ஒரு தாளை ஒட்டினீர்கள். உங்கள் கையெழுத்து: "நாளை சாயங்காலம் வரை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே ஆக்டோபஸ் தூங்குகிறது."

நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை அம்மா. போன வருஷம், நீங்கள் எரிச்சலோடு வந்த ஓர் இரவில், நான் வாய்க்கு வந்தபடி சொன்ன இரண்டு நிமிஷப் பேச்சு அது. அதை வைத்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் பதினைந்து மணி நேரம் உங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு நான் வந்து திறந்தபோது தலை நேராக நின்றது. ஊதா நிறம் இரவு இருந்ததைவிட ஒரு படி ஆழமாகி, நான் நினைத்திருந்த நிறத்துக்கே வந்திருந்தது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் ஊதாவில் இருக்கிற சிவப்பு வெளிறி நீலம் தட்டிவிடும். உங்கள் மூடிய கதவுக்குள் அது நல்ல இருட்டில் இருந்தது. அட்டைப்பெட்டி ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு அடிப்பக்கம் தொய்ந்திருந்தது. தூக்கினால் வளையும் என்று நான் தயங்கியபோது, நீங்கள்தான் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டை எடுத்துப் பெட்டிக்கு அடியில் நுழைத்தீர்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான், படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினோம். முட்டிவலியோடு ஏறினீர்கள் என்பது மேலே போய் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆக்டோபஸின் கைகளையெல்லாம் ஒட்டியது கடைசி ஒரு மணி நேரத்தில். அதற்கு என் தோழிக்கு நன்றி. காய்ந்ததும் கெட்டியாக நிற்கவைக்கிற சி.எம்.சி. பொடி பிசைந்த ஃபாண்டன்டில் பத்துக் கை செய்து, ஃபாயில் சுருள்மேல் வளைத்து மூன்று நாள் காயவைத்து, உறிஞ்சுகளை ஸ்ட்ரா முனையால் ஒவ்வொன்றாக அழுத்திக் கொண்டுவந்தாள். இரண்டு உடைந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாகச் செய்தாளாம். ஒன்று உடைந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சின்னவளைக் கூட்டிப்போய் வந்த அக்காவுக்கு, இரவுகளில் அவரோடு துணைக்கு உட்கார்ந்த தம்பிகளுக்கு, பாத்திரங்களில் பெயர் எழுதாமல் அனுப்பிய எல்லோருக்கும் (பதினேழு பாத்திரம் இங்கே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்), விசிட்டர் நேரம் முடிந்த பிறகும் வீடியோ காலுக்குப் பத்து நிமிஷம் விட்டுக்கொடுத்த செவிலியருக்கு, நன்றி.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கேக்கை வெட்டினோம். திரையில் அவன் முகம் வெளிறித்தான் இருந்தது. கத்தி இறங்கியதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான், "மூணும் இருக்கா?" சின்னவள் துண்டைக் கேமரா பக்கம் தூக்கிப் பிடித்து விரலால் தொட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவனுக்கென்று எடுத்து உறையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்த துண்டை நேற்று மதியம் சாப்பிட்டான். முழுசாக.

இனி என் ஃப்ரீசரில் எப்போதும் ஓர் ஆறு அங்குல ஸ்பாஞ்ச், தேதி எழுதி, தயாராக இருக்கும். உங்களில் யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை படுத்திருக்கும்போது இன்னொரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் என்னிடம் கேட்கக்கூட வேண்டாம். தேதியை மட்டும் தெரியப்படுத்துங்கள். பீட்டரை இனி இரவு ஒன்பதுக்கு மேல் போட மாட்டேன் என்றும் அம்மாவிடம் சொன்னேன். "போடும்மா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் மேல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு இருக்கும்" என்றார்கள்.

உங்கள் நடுத்தட்டுக் கண்ணாடி இன்னும் எங்கள் சாப்பாட்டு மேசைமேல்தான் இருக்கிறது அம்மா. ஓரத்தில் ஊதாக் கறை ஒன்று ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன். நாளைக் காலை பையனே கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். படி இறங்க டாக்டர் அனுமதித்திருக்கிறார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.